இடது பக்கம் 14 மில்லி

"கிரைண்டர் வாங்கப் போறேன்" என்று சொன்ன காலையில் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை கல்யாணத்தன்றுகூடக் கிடைத்ததில்லை. கல் தேய்ந்துபோய்க் கதறிக்கொண்டிருந்த பழைய கிரைண்டருக்கு விடிவுகாலம் வந்துவிட்டதென்று மனைவி நினைத்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மாவரைக்கும் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிவைத்திருக்கிற கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் யார் தேடுவார்கள்? சாயங்காலம் நான் பையிலிருந்து எடுத்தது இரும்பு அறுக்கிற ஏஜி4 ஆங்கிள் கிரைண்டர். அன்றிரவு தோசை கிடையாது.

எல்லாம் மகனால் வந்த வினை. பதினாலு வயசு. பிஎம்எக்ஸ் சைக்கிளில் அபார்ட்மென்ட் படிக்கட்டை ஒரே தாவாகத் தாவி, ஹேண்டில்பாரை ஆட்டுக்கொம்பு மாதிரி ஆக்கிக்கொண்டு வந்தான். புதுசு ஆறாயிரம் ரூபாய் என்றான். "ஒரு வளைஞ்ச குழாய்க்கு ஆறாயிரமா? நானே செஞ்சு தர்றேன்டா" என்று வாயை விட்டேன். நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவன். இரும்போடு அதுவரை எனக்கிருந்த தொழில்முறை உறவு ஸ்டேப்ளர் பின்னோடு சரி.

தைரியத்துக்குக் காரணம், கொஞ்சம் சரித்திரம் படித்ததுதான். 1970 வாக்கில் தெற்குக் கலிஃபோர்னியாவில் பொடியன்கள் ஷ்வின் ஸ்டிங்-ரே சைக்கிளை மண்மேட்டில் ஓட்டி, மோட்டோகிராஸ் வீரர்களாகத் தங்களைப் பாவித்துக்கொண்டதில் பிறந்த விளையாட்டு பிஎம்எக்ஸ். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் வரை போய்விட்டது. ஆரம்பத்தில் சாமான் எல்லாம் தாறுமாறாக உடைந்தபோது, மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் செய்துகொண்டிருந்த லின் காஸ்டன் போன்றவர்கள் தங்கள் பட்டறையிலேயே குழாயை ஒட்டி பலமான பாகங்களைச் செய்து கொடுத்தார்கள். காஸ்டனால் முடியும்போது என்னால் முடியாதா என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கு வெல்டிங் தெரியும் என்ற சின்ன விஷயத்தை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் அரை இஞ்ச் ஜிஐ குழாய் வாங்கினேன். கணபதி ஏரியாவில் எனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறை அண்ணன் அதைக் கையில் வாங்கி, கீழே வைத்தார். "இது தண்ணிக்குழாய்ங்க சார். மேல இருக்கற துத்தநாகம் சூட்டுல புகையா வரும். மூக்குல ஏறுச்சுன்னா ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டுரும்." அது போதாதென்று அளவும் சேரவில்லை. ஹேண்டில்பார் குழாயின் வெளிவிட்டம் 22.2 மில்லி. அரை இஞ்ச் தண்ணிக்குழாயின் வெளிவிட்டமோ 21.3. அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிதானே, அது குழாயில் எங்கேதான் இருக்கிறது என்று கேட்டேன். "பேர்ல இருக்குதுங்க" என்றார்.

கடைசியில் 22.2 மில்லியில், 16 கேஜ் இரும்புக் குழாய் ஒன்று கிடைத்தது. நல்ல ஹேண்டில்பார்கள் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 எஃகில் வரும். என்னுடையது நாற்காலி செய்கிற குழாய்.

குழாயைச் சும்மா வளைத்தால் உள்பக்கம் நசுங்கிவிடும். அதனால் மணலை இறுக்கி அடைத்து, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, சூடேற்றி வளைக்க வேண்டும். மணலில் ஈரம் இருந்தால் ஆவியாகிக் கட்டையைத் துப்பாக்கிக் குண்டாக்கிவிடும், நல்லா வறுத்துக் கொண்டாங்க என்றார் அண்ணன். வறுத்தேன். வீட்டு இருப்புச்சட்டியில், கடலைக்காரர் மாதிரி கிண்டிக் கிண்டி. அம்மா எட்டிப் பார்த்து, "கடலை எங்கடா?" என்றாள். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நாலு வளைவு. முதல் மூன்றும் பிரமாதம் என்று நானே சொல்லிக்கொண்டேன். நாலாவதும் முடிந்து தரையில் வைத்ததும் அது தொட்டில் மாதிரி ஆடியது. ரசமட்டம் வைத்து அளந்தால் இடது கைப்பிடி 14 மில்லி தாழ்வு.

அதைவிடப் பெரிய வேதனை குறுக்குக்குழாய். உருண்டைக் குழாயில் உருண்டைக் குழாய் உட்கார, முனையை மீன் வாய் மாதிரி அரை வட்டமாகக் குடைய வேண்டும். அரத்தை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ராவினேன். இரண்டு வாயும் தனித்தனியாகப் பார்த்தால் அத்தனை அழகு. ஆனால் ஒன்று வானத்தைப் பார்த்தது, மற்றது சுவரைப் பார்த்தது. திருத்தத் திருத்தக் குழாய் குட்டையாகிக்கொண்டே வந்தது. எங்கள் தெரு டெய்லர் பேன்ட் வெட்டுகிற பாணி. மூன்றாவது துண்டில்தான் இரண்டு வாயும் ஒரே திசை பார்த்தன.

வெல்டிங்கை நானேதான் செய்வேன் என்று அடம்பிடித்தேன். 1.6 மில்லி தடிமனுள்ள குழாயில் ஆம்பியரை ஏற்றினால் ஓட்டை, இறக்கினால் ராடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க ஒரே ஒரு நொடிதான் முகமூடியைத் தூக்கினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நடுராத்திரியில் கண்ணுக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிய, எழுந்து உட்கார்ந்து முனகினேன். மனைவி விளக்கைப் போட்டாள். நான் கத்தவும் அணைத்தாள்.

"சட்டியில மணல், இப்பக் கண்ணுலயும் மணலா?" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. விடிந்ததும் கண் டாக்டரிடம் கூட்டிப்போனவளும் அவள்தான்.

கண் சரியாகி, கறுப்புப் பெயின்ட் அடித்த ஹேண்டில்பாரோடு பட்டறைக்குப் போனேன். அண்ணன் நடுப்பகுதியை வைஸில் இறுக்கி, ஒரு கைப்பிடியில் தன் எடையைப் போட்டார். டக். குறுக்குக்குழாய் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. உடைந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார். எறும்புப் புற்று மாதிரி மேலே குவிந்திருந்தது என் வெல்டிங். அடியில் குழாய் அரம் பட்ட பளபளப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

"ஒட்டலைங்க சார். மேல உக்காந்திருக்குது, அவ்வளவுதான்."

நான் பேசவில்லை.

"தம்பிக்குப் பல்லெல்லாம் மொளைச்சிருச்சுங்களா?"

"28 இருக்கு."

"அதைக் காப்பாத்துங்க."

ஆறாயிரம் கொடுத்து வாங்கிய ஹேண்டில்பாரில் மகன் இப்போது படிக்கட்டைத் தாவிக்கொண்டிருக்கிறான். புதுச் சட்டியும், கூடவே மாவரைக்கிற கிரைண்டரும் வந்தாயிற்று. என்னுடையதை அண்ணன் சரியாக ஒட்டி, இரண்டு கொக்கியும் வைத்துக் கொடுத்தார். மொட்டைமாடிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அம்மா அதில் தன் நூல்புடவையைக் காயப்போடுகிறாள். புடவை எப்போதும் இடது பக்கமாகவே நழுவுகிறது என்று வலது ஓரத்தில் ஒரு கிளிப் மாட்டியிருக்கிறாள்.