நான்தான் கதைக்கிறன்

பெயர் சொல்ல மாட்டார். "தம்பி, நான்தான் கதைக்கிறன்" என்பார். முன்பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்புகிற நேரம் பார்த்துத்தான் அந்த அழைப்பு வரும். யார் என்று கேட்டால் போச்சு. வெள்ளவத்தையில் தன் குரல் தெரியாத ஒருவனையும் பத்திரிகையில் வேலைக்கு வைத்திருக்கிறார்களே என்று தமிழினத்தின் எதிர்காலத்துக்காகக் கவலைப்படுவார்.

முதலில் அம்மாவின் சுகம் விசாரிப்பார். பிறகு, "சின்னச் செய்தி ஒண்டு அனுப்பினனான், பாத்தனீரோ?"

வாட்ஸ்அப்பைத் திறந்தால் படங்கள் வரிசையில் நிற்கும். காலி வீதியோரம் கான் துப்புரவு. கானுக்குள் இறங்கி நிற்பவர் மாநகர சபைத் தொழிலாளி. மேலே, வெள்ளைச் சட்டை கசங்காமல் நின்று விரலால் கானைக் காட்டுகிறவர் அழைப்பெடுத்த நம்முடைய சபை உறுப்பினர். எல்லாப் படத்திலும் அந்த விரல் இருக்கும். கான் சில படங்களில்தான் இருக்கும்.

செய்தியையும் அவரே எழுதிவிடுவார், படர்க்கையில். 'என அவர் ஆவேசமாகத் தெரிவித்தார்.' ஆவேசப்பட வேண்டிய இடம் எது, அடக்கி வாசிக்க வேண்டிய இடம் எது என்பதெல்லாம் அவர் வீட்டு மேசையிலேயே முடிவாகிவிடும். ஆறு மணிக்குத் தமிழ்ச் சங்கத்தில் தொடங்கவிருந்த கூட்டத்தின் 'பலத்த கரகோஷம்' ஐந்தரைக்கே என் கைக்கு வந்த நாளும் உண்டு. அன்று மழை பிடித்துக் கூட்டமே நடக்கவில்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் அனுப்பவில்லை.

ஊரில் பெரியவர் யாராவது கண்ணை மூடினால் அனுதாபச் செய்தி வரும். கூடவே படமும் வரும், அவருடையது.

விடிந்தால் அடுத்த அழைப்பு. "தம்பி, நான்தான். என்ர கையை எங்க?" இடம் போதாமல் வடிவமைப்பாளர் படத்தை முழங்கையோடு நறுக்கியிருப்பார். கான் போனதில் அவருக்கு வருத்தமில்லை. விரல் போனதை அடுத்த தேர்தல் வரைக்கும் மறக்க மாட்டார். சும்மா சொல்லக் கூடாது, செய்தி வந்தாலும் வராவிட்டாலும் தைப்பொங்கலுக்குக் காரியாலயத்துக்கு வடைப் பெட்டி தவறாமல் வரும். அதிலும் அவர் படம் ஒட்டியிருக்கும் என்று பயந்தோம். இல்லை.

இந்த வகையில் பெண் உறுப்பினர் ஒருவரையும் நான் கண்டதில்லை. 2017இல் சட்டத்தைத் திருத்தி, உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்றார்கள். 2018 பெப்ரவரித் தேர்தலில் அவர்கள் வந்தும் சேர்ந்தார்கள். எங்கள் தொலைபேசிக்குத்தான் வந்து சேரவில்லை. நாங்களாக எடுத்தாலும், கொட்டாஞ்சேனை உறுப்பினர் ஒருவரின் வீட்டில் ஒரு ஆண்குரல்: "அவங்க வேலையா இருக்காங்க. என்கிட்டயே கேளுங்க, நான் மிஸ்டர் பேசுறேன்." கேள்விக்குப் பதிலையும் சொல்லிவிட்டு, "உறுப்பினர் சொன்னதாப் போடுங்க" என்பார். 1932இலேயே நேசம் சரவணமுத்து என்ற பெண்ணை அரசாங்க சபைக்கு அனுப்பிய கொழும்பு வடக்கு இது.

மேலே போனால் கதை வேறு. 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோவை 'அழுகிற விதவை' என்று எழுதியவர்கள் உண்டு. 1973இல் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை அரசின் கைக்குக் கொண்டுவந்தது அவருடைய ஆட்சிதான். மகள் சந்திரிகா ஜனாதிபதியாக இருந்த காலத்தில் பத்திரிகை ஆசிரியர்கள் குற்றவியல் அவதூறு வழக்குகளுக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள். அந்தச் சட்டம் நீங்கியது 2002இல். பெண் என்றால் பத்திரிகைக்குப் பயப்படுவாள் என்று அந்த ஆசிரியர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் வட்டாரத்தில் நிற்கிற பெண்ணுக்குக் கையில் லேக் ஹவுஸ் இல்லை. ஒரு நாள் மிஸ்டர் வெளியே போயிருந்ததால் கொட்டாஞ்சேனை உறுப்பினரே பேசினார். ஜம்பட்டா வீதிப் பக்கம் எந்தெந்த ஒழுங்கைக்குக் குப்பை லொறி வரவில்லை, எத்தனை நாளாக, யாருக்கு எந்தத் தேதியில் கடிதம் போட்டார் என்று எழுதி வைத்து வாசிப்பது போலச் சொன்னார். என் தொழிலில் அப்படியொரு பேட்டி கிடைப்பது அபூர்வம். முடிவில், "என் பேர் போட வேணாம் தம்பி. படமும் வேணாம்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். போன முறை பேட்டிக்கு வந்த நிருபர் குப்பையைப் பற்றிக் கேட்கவில்லையாம். வீட்டையும் அரசியலையும் எப்படிச் சமாளிக்கிறீங்க, மிஸ்டருக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேட்டாராம். அந்தப் பேட்டிக்குப் போட்ட படத்தின் கீழே, அவருடைய சட்டையின் கழுத்தளவைப் பற்றி முகநூலில் ஆண்கள் இரண்டு நாள் விவாதித்தார்கள். அவருடைய மூத்த மகள் அதை வாசித்துவிட்டாள்.

வெள்ளவத்தைக்காரரிடம் எந்த நிருபரும் இதுவரை கறி பற்றிக் கேட்டதில்லை. அவர் மனைவியின் குரலை நாங்கள் கேட்டதே கிடையாது. அவர் கைபேசியை அவர் தவிர வேறு யார் எடுப்பது?

குப்பைச் செய்தி 'மாநகர சபை உறுப்பினர் ஒருவர்' சொன்னதாக வெளிவந்தது. காலையில் வெள்ளவத்தையிலிருந்து அழைப்பு. சனமெல்லாம் அந்த உறுப்பினர் தானென்றே நினைத்துப் பாராட்டுகிறதாம், தானும் மறுக்கவில்லையாம். "பக்கத்தில இடம் கிடந்தது, தம்பி. என்ர படம் ஒண்டைப் போட்டிருக்கலாமே?"