பின்னே, பறயணோ!

திருவனந்தபுரத்துக் கரமனையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க அரசியல் பேச உனக்கென்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் 1946ஐ எடுத்துவிடுவேன். அந்த வருஷம்தான் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், அமெரிக்கா மாதிரி நமக்கும் ஓர் அரசமைப்பு என்று கிளம்பினார். சட்டசபை இருக்கும், வோட்டு இருக்கும், ஆனால் நிர்வாகத்தை மட்டும் சட்டசபையால் அசைக்க முடியாது. 'அமெரிக்கன் மாடல் அரபிக் கடலில்' என்று தொழிலாளிகள் முழங்கினார்கள். புன்னப்புரையிலும் வயலாரிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஆகவே அமெரிக்க அதிபர் முறைமீது கருத்துச் சொல்ல எங்களூருக்குப் பரம்பரைப் பாத்தியதை உண்டு என்பது என் வாதம். யாரோ சிந்திய ரத்தத்தைச் சொல்லி நான் சாயா குடிக்கிறேன் என்பதைச் சாயாக்கடையில் இதுவரை யாரும் எடுத்துக்காட்டவில்லை.

பாத்தியதை இருக்கிறதே தவிர, ராசி இல்லை. 2016ல் ஹிலாரிதான் என்று சூடத்தை அணைக்காத குறையாகச் சொன்னேன். தோற்றதும், மொத்த வோட்டில் அவருக்கு சுமார் 29 லட்சம் அதிகம், எனவே நான் சொன்னதுதான் சரி என்று வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கினேன். 2024ல் கமலா ஹாரிஸ். தாத்தாவின் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம் என்பதால் கணிப்போடு பாசமும் சேர்ந்துகொண்டது. இழுபறி என்று சொன்ன ஏழு மாநிலங்களும் மொத்தமாக டிரம்ப் பக்கம் போயின. கிள்ளிப்பாலத்தில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நான் யார் ஜெயிப்பார் என்கிறேனோ அவருக்கு எதிராக வடை பந்தயம் கட்டுகிறாராம். காசு கொடுத்து வடை தின்று வெகுநாளாகிறது என்று கேள்வி.

2020 டிசம்பரில் என் உடம்பு கரமனையில் இருந்தது, மனசு ஜார்ஜியாவில். சுமார் 12 ஆயிரம் வோட்டில் பைடன் அந்த மாநிலத்தைப் பிடித்திருந்தார். அடுத்து இரண்டு செனட் இடங்களுக்கு இரண்டாம் சுற்றுத் தேர்தல். அட்லாண்டா புறநகர்களைத் தெருத் தெருவாக அறிவேன். அந்த மாதம்தான் எங்கள் மாநகராட்சிக்கு 21 வயது ஆர்யா ராஜேந்திரன் மேயரானார். அதைப் பார்த்துவிட்டு நியூயார்க்கில் ஸோரான் மம்தானி, நம் நகரத்துக்கு எப்படிப்பட்ட மேயர் வேண்டும் என்று டிவிட்டரில் கேட்டிருக்கிறார். 2025 நவம்பரில் அவரே அங்கே மேயராகத் தேர்வானபோது அந்தப் பழைய பதிவு இங்கே ஊரெல்லாம் சுற்றியது. நான் அவருடைய தேசத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் என் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு லாபம் கிடைத்தது.

2025 ஜூனில் போர் கொஞ்சம் கிட்டே வந்தது. ஈரான்மீது இஸ்ரேல் குண்டு போட ஆரம்பித்த மறுநாள், 14ஆம் தேதி ராத்திரி, பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று எங்கள் விமான நிலையத்தில் இறங்கியது. செய்தது அமெரிக்கக் கம்பெனியான லாக்ஹீட் மார்ட்டின். ஹைட்ராலிக் கோளாறு என்றார்கள். மழையில் நனைந்துகொண்டு நின்று, பிறகு ஹாங்கருக்குள் இழுக்கப்பட்டு, ஜூலை 22ல்தான் கிளம்பிப் போனது. அந்த விமானத்துக்கே ஊரை விட்டுப் போக மனசில்லை என்று கேரளச் சுற்றுலாத் துறை விளம்பரம் போட்டுச் சிரித்தது. நான் சிரிப்பேனா? சாயாக்கடையில் ஒரு சதித்திட்டமே தீட்டிக் கொடுத்தேன். கடைசியில் ஹைட்ராலிக் கோளாறு வெறும் ஹைட்ராலிக் கோளாறாகவே இருந்து தொலைத்தது.

அதற்கு முன்பே, ஜூன் 22ஆம் தேதி அமெரிக்கா ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கியது. மறுநாள் ராத்திரி, கத்தாரில் இருக்கும் அமெரிக்கத் தளத்தின்மீது ஈரானின் ஏவுகணைகள். வளைகுடா வான்வெளியை மூடினார்கள். பக்கத்துத் தெருப் பையனுக்கு தோஹாவில் வேலை, லீவு முடிந்துவிட்டது. பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, சக்கை வறுவல் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றான். "மாமா, ஃப்ளைட் போகுமா?" நான் 1953ல் ஈரான் பிரதமர் மொசாதெக்கை சி.ஐ.ஏ. கவிழ்த்த கதையில் ஆரம்பித்தேன். 1979 புரட்சிக்கு வருவதற்குள் அவன் போனில் டிராவல்ஸ்காரரைப் பிடித்துவிட்டான். "இன்னிக்குக் கிடையாது" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. ஹார்முஸ் நீரிணை வரை போக எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

டிரம்ப்பை நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன். அவர் என் வாசற்படி ஏறிக் கைகூப்பப் போவதில்லை. டெல்லி என்றால் குரல் கொஞ்சம் இறங்கும். வார்டு என்று வந்துவிட்டால் குரலே கிடையாது.

2025 டிசம்பர் 9 மாநகராட்சித் தேர்தலுக்கு மூன்று முன்னணி வேட்பாளர்களும் வீட்டுக்கு வந்தார்கள். ஓடை அடைப்பு, தெருநாய், எரியாத விளக்கு என்று ஒரு குற்றப்பத்திரிகை தயாராக வைத்திருந்தேன். முதலாமவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "சாமீ, ஒந்நு சகாயிக்கணே" என்றார். "பின்னே, பறயணோ!" என்றது என் வாய், சொல்லவும் வேண்டுமா என்று அர்த்தம். (மலையாளத்தில் எனக்கு மறுக்க வராது, சண்டையெல்லாம் தமிழில்தான் பழக்கம்.) இரண்டாமவருக்கும் அதே "பின்னே, பறயணோ!" மூன்றாமவர் வரும்போது முந்தைய இருவரின் நோட்டீஸும் திண்ணையில் கிடந்தன. பேப்பரை விரித்து அவற்றை மூடிவிட்டுச் சொன்னேன்.

பஞ்சாயத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கிராமம், பிளாக், ஜில்லா என்று ஆளுக்கு மூன்று வோட்டு. மூன்று பேரிடமும் சொன்ன சொல் காப்பாற்றலாம். மாநகராட்சிக்காரனுக்கு ஒன்றே ஒன்று. இங்கே உள்ளாட்சித் தேர்தலில் நோட்டாவும் இல்லை. மிஷின் முன்னால் நான் நின்ற நேரத்தைப் பார்த்து, பூத் அதிகாரி "எந்தெங்கிலும் பிரச்னமுண்டோ?" என்று குரல் கொடுத்தார். அமுக்கிவிட்டேன். எதை என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை.

13ஆம் தேதி எண்ணினார்கள். 101 வார்டில், வேட்பாளர் இறந்ததால் விழிஞ்ஞம் மட்டும் தள்ளிவைப்பு. மீதியில் பாஜக கூட்டணிக்கு 50, இடதுசாரிகளுக்கு 29, காங்கிரஸ் கூட்டணிக்கு 19, சுயேச்சைகள் இருவர். இடதுசாரிகள் எப்படியும் ஒப்பேற்றிவிடுவார்கள் என்று நான் சொல்லியிருந்தேன். கிள்ளிப்பாலத்தில் வடை.

ஜெயித்தவர் நன்றி சொல்ல வந்தார், தலையாட்டினேன். அப்புறம் ஒருநாள் மார்க்கெட்டில் தோற்றவர் ஒருவர் எதிரே வந்துவிட்டார். ஒதுங்க இடமில்லை, எங்களுக்கு நடுவே ஒரு கத்திரிக்காய்க் கூடைதான். "தோற்றாலெந்தா, சாமீடெ வோட்டு எனிக்காணெந்நு அறியாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "பின்னே, பறயணோ!" என்றேன். அவர் தோளுக்குப் பின்னால் தோற்ற இன்னொருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, சிரித்துக்கொண்டே எங்களை நோக்கி வர ஆரம்பித்தார்.