அடுக்களைக்கு அங்கீகாரம் கோரி ஒரு மனு

அனுப்புநர்: ஓர் அடுக்களை, கோட்டைக்ககம், கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்.

பெறுநர்: மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், புது தில்லி.

பொருள்: பள்ளியாக அங்கீகாரம் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய வாரியத்தாருக்கு,

மேற்படி அடுக்களை பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: அதன் நீளம் பத்தடி, அகலம் எட்டடி. விளையாட்டு மைதானம் இல்லை. தீத்தடுப்புச் சான்றிதழும் இல்லை. தீ மட்டும் காலை ஐந்தரை முதல் உண்டு. ஆய்வகம், நூலகம் என்று தனித்தனி அறை கேட்கும் விதிகளின்படி மனுதாரர் தேறமாட்டார். ஆனாலும் உள்ளே நடக்கும் பாடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நிராகரிக்கலாமே.

சனிக்கிழமை சாலைக் கம்போளத்திலிருந்து இரண்டு கிலோ கிழங்கு வந்தது. ஐந்தாம் வகுப்புப் பேத்தி தோலுரிக்க உட்கார்ந்தாள். பாட்டிக்கு அது மரச்சீனி. சேலத்திலிருந்து வந்திருந்த அத்தைக்கு மரவள்ளி. பக்கத்து வீட்டுச் சேச்சிக்குக் கப்பை. உலையில் தண்ணீர் கொதிப்பதற்குள் மொழிப்பாடம் முடிந்துவிட்டது.

வெந்ததும் நீரை வடித்துக் கொட்டச் சொன்னாள் பாட்டி. "ஏன் பாட்டி?" "கட்டு போகணும்டீ." அந்தக் கட்டு என்பது வேறொன்றுமில்லை, சயனைடு. அதை வெளிவிடும் சேர்மங்கள் கிழங்கில் உண்டு. நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் பெரும்பங்கு போய்விடும். பாட்டி வேதியியல் படித்ததில்லை. வீட்டில் யாரும் செத்ததும் இல்லை.

பிறகு சேச்சி வந்தார், வரலாறும் வந்தது. கிழங்கு பிறந்தது தென்னமெரிக்காவில், கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. திருவிதாங்கூர் வயிறுகள் பலவும் இந்தக் கிழங்கை நம்பியே கிடந்தன என்பார்கள் பழையவர்கள். பேத்தி இரண்டாவது தட்டு கேட்டாள்.

இதையெல்லாம் வாரியம் அறியாததல்ல. கைத்தொழிலோடு பாடங்களை இணைக்க வேண்டும் என்ற பேச்சு 1937 அக்டோபரில் காந்தியின் வார்தா மாநாட்டிலேயே எழுந்தது. ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டமும் எழுதியது. 1993-இல் யஷ்பால் குழு சுமையில்லாத கல்வி கேட்டது. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணையுங்கள் என்றது 2005-இன் கலைத்திட்டக் கட்டமைப்பு. கண்டுபிடித்ததையே தலைநகரில் மறுபடி மறுபடி கண்டுபிடிக்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

அப்படிக் கண்டுபிடித்தது வீட்டுக்கு வந்து சேரும்போது தெர்மாகோல் ஆகிவிடுகிறது. கலையிணைந்த செயல்திட்டம் பத்தாம் வகுப்புவரை கட்டாயம் என்று 2020-இல் வாரியம் அறிவித்தது. ஒன்பது, பத்தாம் வகுப்புச் செயல்திட்டத்தில் ஒரு ஜோடி மாநிலமும் இடம்பெற வேண்டும். கேரளத்துக்கு வாய்த்தது இமாச்சலப் பிரதேசம். எனவே பேத்தியின் அண்ணன்காரன் தூங்கிப்போன பிறகு, இரவு பதினொன்றரைக்கு, அப்பா பனிமலைக்குப் பஞ்சு ஒட்டினார். மதிப்பெண் மகனுக்கு.

பள்ளிக்கு வெளியே கற்பது பற்றி 2025-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. எழுதியவர்களில் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு. டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலைசெய்யும் பிள்ளைகள் விலையையும் சில்லறையையும் மனக்கணக்காகவே போட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடக் கணக்காக எழுதிக் கொடுத்தால் திணறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளோ கடைக் கணக்கில் திணறுகிறார்கள். மனுதாரருக்கு இதில் ஆச்சரியமில்லை. சாலைக் கம்போளத்தில் கால் கிலோ உளுந்து வாங்கத் தெரியாமல் நின்ற பொறியாளரை அடுக்களை அறியும்.

இந்த இடத்தில் மனுதாரருக்கு ஒரு பயம் தட்டுகிறது. நீங்கள் இரங்கி அங்கீகாரம் கொடுத்துவிட்டால்? கிழங்கு உரிப்பதைப் படமெடுத்துப் பதிவேற்ற வேண்டிவரும். பாட்டிக்குப் பணித்திறன் பயிற்சி வரும். 'கட்டு' என்ற சொல்லுக்குக் கற்றல் விளைவு எழுதச் சொல்வீர்கள்.

ஆகவே அடுக்களை தன் கோரிக்கையைத் திருத்திக்கொள்கிறது. அங்கீகாரம் வேண்டாம். 2020-இன் பள்ளிப்பைக் கொள்கை, மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. பை உடல் எடையில் பத்திலொரு பங்கைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. பேத்தியின் பையைத் தூக்கிப்பார்த்த பாட்டி, சனிக்கிழமைக் கிழங்கே தேவலாம் என்றாள். அந்தக் கொள்கையை மட்டும் நடத்திவைத்து, மாலை ஐந்து மணிக்குப் பிள்ளையை அடுக்களைப் பக்கம் விட்டுவையுங்கள்.

இணைப்பு: ஏதுமில்லை. கிழங்கு தீர்ந்துவிட்டது.