கெல்டிக் விகுதி விசாரணை

கேள்வி: கெல்டிக் மொழிகளுக்கெல்லாம் தாயான முதற்கெல்டிக் மொழியில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லையே, விகுதி மட்டும் எப்படிக் கிடைத்தது?

பதில்: வாரிசு மொழிகளை விசாரித்துத்தான். குதிரைவீரன் ஐரிஷில் ‘மார்க்கஹ்’, வெல்ஷில் ‘மார்ஹோக்’. ‘மார்க்’ என்றால் குதிரை. பின்னால் ஒட்டிய ‘அஹ்’, ‘ஓக்’ இரண்டும் ‘-ஆகோஸ்’ என்ற ஒரே விகுதியின் வழிவந்தவை. ஆகவே மூலவடிவம் ‘மார்க்காகோஸ்’. அதன் முன்னால் அறிஞர்கள் ஓர் உடுக்குறி இடுவார்கள். ‘கண்டதல்ல, கணித்தது’ என்பது அதன் பொருள்.

கேள்வி: அந்த விகுதி குதிரையோடு நின்றதா?

பதில்: நிற்கவில்லை, நிலமும் வாங்கியது. ‘உடையது, சார்ந்தது’ என்ற பொருளால் காலியா நாட்டில் (இன்றைய பிரான்ஸ் பகுதி) நிலக்கிழாரின் பெயரோடு சேர்ந்து ஊர்ப்பெயரானது. ரோமானியர் அதை ‘-ஆக்கும்’ என்று எழுதினர். காலியாவுக்கு வெளியேயும் அது உண்டு: இங்கிலாந்தின் யார்க் நகரம் அவர்களுக்கு ‘எபோராக்கும்’. தெற்குப் பிரான்சில் அந்த விகுதி ‘-ஆக்’ என்று ஓரளவு உருவத்தோடு பிழைத்தது. வடக்கே ‘-இ’ என்று தேய்ந்தது. கொன்யாக், விட்ரி இரண்டும் ஒரே விகுதி கொண்ட ஊர்கள். கொன்யாக் பிராந்திக் குப்பியைத் திறப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவர்களின் கவனம் வேறு.

கேள்வி: தெய்வங்களுக்கும் விகுதி உண்டா?

பதில்: உண்டு. ஆணுக்கு ‘-ஓனோஸ்’, பெண்ணுக்கு ‘-ஓனா’. காலியாவின் காலிஷ் மொழியில் ‘எப்போஸ்’ குதிரை. எப்போனா குதிரைகளின் தெய்வம். ரோமக் குதிரைப்படையினரும் அவளை வணங்கினர். ‘மாப்போனோஸ்’ மகன் தெய்வம், ‘மாத்ரோனா’ தாய் தெய்வம். மாத்ரோனாவின் பெயர்தான் பிரான்சின் மார்ன் ஆற்றுக்கு.

கேள்வி: கருவிப்பெயர்?

பதில்: ‘-த்ரோம்’. உழுதலைக் குறிக்கும் வேரோடு சேர்ந்தால் ‘அராத்ரோம்’, அதாவது கலப்பை. இலத்தீனின் ‘அராத்ரும்’ இதற்கு உடன்பிறப்பு. இந்தோ-ஐரோப்பியப் பரம்பரைச் சொத்து.

கேள்வி: தொழிற்பெயருக்கு விதி என்ன?

பதில்: மாணவர் அழும் இடம் இதுதான். எந்த வினைக்கு எந்த விகுதி என்று பழைய ஐரிஷில் ஊகிக்க முடியாது. ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். ‘நேசிக்கிறான்’ என்பது ‘கரிட்’. ‘நேசம்’ ‘ஷெர்க்’ என்று வேறு வேரிலிருந்தே வந்து நிற்கிறது.

கேள்வி: செய்பவரைக் குறிக்க?

பதில்: ‘-அமோன்’ வழிவந்த விகுதி. பழைய ஐரிஷில் தீர்ப்பு ‘பிரெத்’, தீர்ப்பவர் ‘பிரிதெவ்’. இச்சொல்லின் வேற்றுமை வடிவத்தை ஆங்கிலேயர் ‘பிரெஹன்’ என்றனர். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சி அயர்லாந்தின் மரபுச் சட்டமான பிரெஹன் சட்டத்தை ஒழித்தது. சொல் மட்டும் ஆங்கில அகராதியில் இருக்கிறது.