முதல் தேதி வராத விஞ்ஞானம்

உயிரியல் தரவைக் கணினியால் அலசும் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படித்தால் வாய்ப்புகள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்கிறார்கள். கல்விக்கடனைத் திருப்பிக் கேட்டு வங்கிக்காரர் வந்து நிற்பது நிச்சயம்.

சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர் மகள் எம்.எஸ்சி. முடித்துவிட்டாள் என்று வையுங்கள். நெட் தேர்வில் அவள் பாடத்துக்குத் தனித்தாள் கிடையாது. லைஃப் சயின்ஸ் தாளை எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகையை வாங்கியாக வேண்டும். வாங்கிவிட்டாள். 2023-இல் அந்தத் தொகையை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக்கியது மத்திய அரசு. வாழ்க! ஆனால் பணம் மாதக்கணக்கில் வராது என்பது ஆராய்ச்சி மாணவர் எல்லோருக்கும் தெரிந்த கதை. வராத மாதத்தில் பழைய தொகையும் பூஜ்யம், புதிய தொகையும் பூஜ்யம். இந்தக் கணக்குப் போட ஃபரீதாபாத் உயிரியல் தரவு மையத்துச் சூப்பர் கம்ப்யூட்டர் தேவையில்லை. பத்தாயிரம் இந்தியரின் மரபணுத் தொகுதி அங்கே இருபத்துநாலு மணிநேர மின்சாரத்தில் சொகுசாக இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல வேண்டியவள் ஹாஸ்டல் மெஸ் பாக்கிக்குத் தவணை கேட்டு நிற்கிறாள். ஊருக்கு வந்தால், "என்னம்மா, இன்னுமா படிக்கிறே?" என்ற விசாரிப்பு வேறு.

பெருமைக்குக் குறைச்சல் இல்லை. புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க உலகமே இன்றும் பயன்படுத்தும் வரைபடத்தை 1963-இல் ஜி.என். ராமச்சந்திரனும் சகாக்களும் சென்னையில் உட்கார்ந்து போட்டார்கள். 1980-களில் மத்திய அரசு இத்துறைக்கு மையங்கள் தொடங்கியபோது, நாகமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் முதல் வரிசையில் இருந்தது. அதே பல்கலைக்கழகம் 2024-இல் மாதக்கணக்கில் சம்பளம் போட முடியாமல் தவித்தது; பேராசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். சரி, அரசுக் கல்லூரிக்குப் போகலாமென்றால், கௌரவ விரிவுரையாளருக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி சொன்னது 2019-இல். தமிழ்நாட்டில் 2024-இலும் 25,000தான். அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம். பன்னிரண்டாவது மாதம் விரிவுரையாளருக்குப் பசிக்காது போலும்.

வேலையே இல்லையா? இருக்கிறது, கொடிக்காலிலேயே. 2023-இல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. குறியீட்டைக் காட்டினால் வாடல் நோய் திரும்பிப் போய்விடுமா? மழைக்காலத்தில் தூர் அழுகிக் கொடி சாய்கிறது. எந்த ரகம் தாங்கும், எந்த மரபணுவால் தாங்கும் என்று தேடுவதற்குத்தான் இந்தப் படிப்பு. வெற்றிலையின் பங்காளியான மிளகின் மரபணுத் தொகுதி 2019-இல் வெளியானது. படித்தது சீன விஞ்ஞானிகள் தலைமையிலான குழு. ரோமாபுரிக்கே மிளகு விற்றோம் என்று மார்தட்டும் நாம், பொன்னை எண்ணியதோடு நிறுத்திக்கொண்டோம்.

நாடா வெட்டும் கனவான்களே, ஆராய்ச்சி மாணவரின் பணத்தை மாதம் முதல் தேதி போடுங்கள். முடியாதென்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வந்து "வாய்ப்புகள் ஏராளம்" என்று பேசுவதையாவது நிறுத்துங்கள்.