பேச்சு போய்ச் சேர்ந்ததா?

'பப்ளிக் அண்ட் பொலிட்டிக்கல் கம்யூனிகேஷன்' என்று ஒரு முதுகலைப் படிப்பு வெளிநாட்டில் இருக்கிறதாம். மேடையில் பேசச் சொல்லித் தருவார்களா?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

மன்னார்குடிக்காரருக்கு மேடைப் பேச்சை வெளிநாட்டுக்காரர் வந்தா சொல்லித்தர வேண்டும்? பேசிய பேச்சு கேட்டவரிடம் போய் என்ன ஆனது என்று கண்டுபிடிக்கும் வழிகளைத்தான் அங்கே படிப்பீர்கள். தேர்தல் விளம்பரம், அரசு அறிவிப்பு, செய்தி ஒளிபரப்பு ஆகியவற்றைப் பிரித்துப் பார்ப்பது, மக்களிடம் சரியான கேள்வி கேட்டுக் கணக்கெடுப்பது, கடைசியில் ஓர் ஆய்வேடு. பிரிட்டனில் பெரும்பாலும் ஓராண்டு, இத்தாலியில் இரண்டாண்டு. லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு இதில் நீண்ட மரபு உண்டு. ஜே ப்ளம்லரும் டெனிஸ் மெக்குவெயிலும் 1964 பிரிட்டிஷ் தேர்தலில் தொலைக்காட்சி வாக்காளர்களை என்ன செய்தது என்று அங்கிருந்துதான் ஆராய்ந்தார்கள்.

பொய்யை அழகாகச் சொல்வதற்கு ஒரு பட்டமா என்று கேட்கிறார் என் தாய்மாமா. என்ன பதில் சொல்ல?
– வாசகி, ஈரோடு

பொய் சொல்ல யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. பொய்யைப் பிடிக்கத்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

மாமாவுக்கு ஒரு கதையும் சொல்லுங்கள். 1940-இல் ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய அமெரிக்க அதிபர் தேர்தல். வியன்னாவிலிருந்து வந்து குடியேறிய பால் லாசர்ஸ்ஃபெல்டு, ஒஹையோ மாநிலத்தின் ஈரீ மாவட்டத்துக்குத் தன் குழுவோடு போனார். சுமார் 600 பேரைத் தேர்ந்தெடுத்து, மே மாதத்திலிருந்து நவம்பர் வரை மாதாமாதம் அதே ஆட்களிடம் போய்ப் பேசினார்கள். வானொலியும் பத்திரிகையும் மனத்தை எப்படி மாற்றுகின்றன என்பதைப் பார்ப்பது நோக்கம். பார்த்தால், பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் மிகக் கொஞ்சம். அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் வாசித்துவிட்டு வந்து சொன்னதைத்தான் பலர் நம்பினார்கள். 1944-இல் இது புத்தகமாக வந்தது. ஜனங்களை எப்படியும் ஏமாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை படிக்க வேண்டும். இந்தத் துறைமேல் எனக்குப் பிடிப்பு வந்ததே அங்கேதான்: வாக்காளரை முட்டாளாக நினைக்காத ஆய்வு அது.

இதெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து சமாச்சாரம். நமக்கு இதில் என்ன இருக்கிறது?
– ஆசிரியர், மதுரை

மதுரையிலிருந்து இந்தக் கேள்வி வரலாமா! பெர்னார்டு பேட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் உங்கள் ஊரில் தங்கி, மேடைத் தமிழைக் கேட்டுக் கேட்டு ஆராய்ந்து, 2009-இல் ஒரு நூலே வெளியிட்டார். செந்தமிழ் எப்படி அரசியல் மேடைக்கு ஏறியது என்பதுதான் அதன் பொருள். எம்.ஜி.ஆரின் திரை பிம்பம் எப்படி வாக்காக மாறியது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இலேயே எழுதிவிட்டார்.

லாசர்ஸ்ஃபெல்டு ஒஹையோவில் கண்டதை இங்கே டீக்கடை பெஞ்சில் எத்தனை தலைமுறை பார்த்திருக்கிறது! ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார். எழுத்தறியாதவரும் காது கொடுத்துவிட்டு, கிளாஸை வைக்கும் முன்பே அபிப்பிராயம் சொல்வார். திராவிட இயக்கத்தின் படிப்பகங்கள் வளர்ந்ததும் இப்படித்தான். வெளிநாடு போகும் நம் பிள்ளைகள் டிரம்ப்பையும் பிரெக்ஸிட்டையும் பற்றி ஆய்வேடு எழுதிவிட்டுத் திரும்புவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. அவற்றை எழுத அங்கேயே ஆள் இருக்கிறார்கள். நம் தெருமுனைக் கூட்டத்தை நீங்கள் எழுதாவிட்டால் யார் எழுதுவார்?

'அரசியல்' புரிகிறது. கூடவே 'பொது' எதற்கு?
– வாசகர், கடலூர்

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. புதுச்சேரியின் நல்லவாடு மீனவ கிராமம். 2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து ஊருக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையம் அங்கே இருந்தது. கதவைத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஊரைவிட்டு ஓடச் சொன்னார்கள். அலை வந்து வீடுகளையும் படகுகளையும் கொண்டுபோனது. ஊர் சனம் பிழைத்தது.

ஒலிபெருக்கி எந்த ஊரில்தான் இல்லை? முன்பின் தெரியாத குரல் ஓடச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்? சொன்னது தெரிந்த குரல், வந்தது நம்பிய இடத்திலிருந்து, மொழி வீட்டில் பேசுகிற மொழி. இந்த மூன்றும் அமையாமல் எத்தனை கருவி வாங்கி என்ன பயன்? இதை ஆராய்வதுதான் பொதுத் தொடர்பியல். மக்களுக்குத் தகவல் சொல்வதை அரசின் கடமையாகவே சில நாடுகள் வைத்திருக்கின்றன. இத்தாலியில் 2000-இல் வந்த 150-ஆம் எண் சட்டம் இதற்கானது. நம் 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவும் லேசுப்பட்டதல்ல: யாரும் மனுப் போடும் முன்பே அலுவலகம் தானாகத் தகவலை வெளியிட வேண்டும், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டு பரப்ப வேண்டும் என்கிறது. எத்தனை அலுவலகங்கள் இதை மனசாரச் செய்கின்றன என்று ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதினால், அந்த ஆய்வேட்டை நான் வரி விடாமல் படிப்பேன்.

நம் ஊர் விழிப்புணர்வு விளம்பரங்களில் மறக்க முடியாதது?
– வாசகி, சேலம்

புள்ளிராஜா! சுவரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" வாய்விட்டுச் சொல்லக் கூசிய விஷயத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. ராஜா என்று பெயர் வைத்திருந்த பையன்கள் பள்ளியில் பட்ட பாட்டையும் சேர்த்தே அதை ஆராய வேண்டும்.

வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்கிறார். வீட்டை அடகு வைக்கலாமா?
– பட்டதாரி, திருநெல்வேலி

வேண்டாம். இந்தப் பட்டத்துக்கென்று நாற்காலி போட்டு எவரும் காத்திருக்கவில்லை. தொண்டு நிறுவனங்கள், கருத்துக்கணிப்பு நிறுவனங்கள், கட்சிகளின் ஆய்வுப் பிரிவு, பத்திரிகை, ஐ.நா. அமைப்புகள் என்று நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். முதலில் இரண்டு வருடம் இங்கே வேலை பாருங்கள். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை அந்த அனுபவத்தைக் கேட்கிறது. கிடைத்தால் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அவர்கள் பொறுப்பு, படித்து முடித்து இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். சொந்தப் பணத்தில் போனால், படிப்புக்குப் பின் அங்கே தங்கி வேலை தேட இதுவரை இரண்டாண்டு தந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் அந்த விசாவுக்கு விண்ணப்பிப்போருக்கு 18 மாதம்தான். அங்கே கிடைக்கப்போகும் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

விண்ணப்பக் கடிதத்தை எப்படி ஆரம்பிக்க?
– மாணவி, பொள்ளாச்சி

"சிறு வயது முதலே அரசியலில் ஆர்வம்" என்ற வரியை அடித்துவிடுங்கள். உங்கள் ஊரில் யாருக்கு எந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்று எழுதுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டது தெரியாமல் வரிசையில் நின்ற பாட்டியோ, எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று தெரியாமல் அலைந்த விவசாயியோ, நீங்கள் நேரில் பார்த்தவராக இருக்கட்டும். அவரிடம் போய்ப் பேசி, எந்த இடத்தில் செய்தி அறுந்தது என்று கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள். அவர் சொன்னது முதல் பத்தியில் வரட்டும், உங்கள் மதிப்பெண்கள் கடைசியில். பல்கலைக்கழகம் கேட்கும் அளவைத் தாண்டாதீர்கள்.