சீக்கிரம் சொல்லுங்க!

ஊரில் பல வீடுகளில் சுவர்க்கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். நம்மவர் வீட்டில் அவர் மனைவி அதைப் பத்து நிமிஷம் பின்னால் இழுத்து வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் தற்காப்புக்காகச் செய்த ஏற்பாடு. கைபேசி வந்த பிறகு நம்மவருக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. “என் போன்ல வேற மணி காட்டுதே?” என்றார். “உங்க போன் கொஞ்சம் வேகமா ஓடுது” என்றார் அந்த அம்மாள். தன் பொருளும் தன்னைப்போல வேகம் என்பதில் அவருக்குப் பெருமை. மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

நம்மவரை உங்களுக்கும் தெரியும். சிக்னலில் சிவப்பு எண் ஐந்துக்கு இறங்கும்போதே ஹாரன் அடிப்பவர். எழும்பூரில் இறங்குவதற்குச் செங்கல்பட்டிலேயே பெட்டியோடு வாசலுக்கு வந்து நிற்பவர். வாட்ஸப் குரல்செய்திகளை, எழவுச் சேதி உட்பட, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்பவர். ரயில் முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்களே, அதில் மனமுடைந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். “பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சா?” என்று நம்மை விரட்டுகிற உரிமையில் முழுசாக இரண்டு மாதம் பறிபோய்விட்டது.

வெறும் வேகம் என்றால் நமக்கென்ன, ஓடிவிட்டுப் போகட்டும். கூடவே நம்மையும் ஓட்டுவதுதான் சங்கடம். ரயில் வாசலில் அவர் தனியாக நிற்கமாட்டார். “எறங்கறவங்கல்லாம் வந்துருங்க, அப்புறம் கூட்டமாயிடும்” என்று முன்பின் தெரியாத நாலு பேரைக் கிளப்பிவிட்டு, அந்தக் கூட்டத்தை அவரே உண்டாக்குவார். கல்யாண வீட்டில் சாம்பார் வாளி வரும்போதே ரசத்துக்குக் குரல் கொடுப்பார். அடுத்த இலைக்காரரின் பாயசத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுவார். அந்த மனிதர் பாவம், அப்பளத்தையே இன்னும் உடைத்திருக்கமாட்டார்.

ஆபீசில் அவர் பெயர் ‘சீக்கிரம் சொல்லுங்க’. நிஜப்பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. போனை எடுத்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். இரண்டாவது வார்த்தை, நாம் சொல்ல வந்ததன் மீதிப்பாதி.

“சார், அந்த மதுரை பார்ட்டி பணம்...”

“வந்துருச்சா? வெரிகுட். சரக்க ஏத்திரு!”

வாக்கியத்தின் மிச்சம் ‘தரமுடியாதுங்கிறாங்க’ என்பது. அதைக் கேட்க மூன்று விநாடி ஆகியிருக்கும். அந்த மூன்று விநாடியை மிச்சம் பிடித்ததற்கு, போன லாரியைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வாரம், அதற்கு மூன்று பேர், வாடகை இரட்டிப்பு. அந்த வாரம் முழுக்க மற்ற மூன்று பேரின் கணக்கில்தான் எழுதப்பட்டது. அவர் கணக்குப்படி மூன்று விநாடி லாபம்தான்.

கம்பெனி இவரை நேர மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பியது. இரண்டு நாள், நட்சத்திர ஓட்டல். மனிதர்களை நான்கு ரகமாகப் பிரிக்கும் பரீட்சை ஒன்று வைத்து, இவருக்கு ‘டி’ என்று சொன்னார்கள். ஆதிக்க ரகம். இந்தப் பாகுபாட்டுக்கு மூலவித்து 1928இல் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய புத்தகம். பின்னால் வொண்டர் வுமன் என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தவரும் அவரேதான். அவள் கையில் ஒரு கயிறு இருக்கும், கட்டப்பட்டவர் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். நம்மவரைக் கட்டினால், கேள்வியை முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிடுவார்.

‘டி’யை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். வேலைகளை அவசரம், முக்கியம் என்று நாலு கட்டத்தில் பிரிக்கச் சொன்னபோது எல்லாவற்றையும் முதல் கட்டத்தில் எழுதி, இடம் போதாமல் இன்னொரு தாள் கேட்டார். எதிராளி பேசி முடித்ததும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பதில் சொல்லுங்கள் என்றார்கள். எண்ணுகிறார், ஆனால் எதிராளி வாயைத் திறந்ததுமே ஆரம்பித்துவிடுகிறார். பயிற்சியை ஒன்றரை நாளில் முடிப்பது எப்படி என்று ஆசிரியருக்கு ஒரு திட்டமும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அப்புறம் நெஞ்சில் ஏதோ குத்துகிறது என்று டாக்டரிடம் போனார். அது வெறும் வாயு. ஆனால் டாக்டர் கதை சொல்லத் தெரிந்தவர். 1950களில் சான் பிரான்சிஸ்கோவில் ஃப்ரீட்மன், ரோசன்மன் என்று இரண்டு இதய மருத்துவர்கள். அவர்களுடைய காத்திருப்பு அறை நாற்காலிகளுக்கு உறை மாற்ற வந்த தொழிலாளி, எல்லா நாற்காலியும் முன்விளிம்பில் மட்டும் தேய்ந்திருப்பதைக் காட்டி வியந்தாராம். வந்தவர்கள் சாய்ந்தே உட்காரவில்லை. இந்த அவசரக் குணத்துக்குத்தான் அந்த மருத்துவர்கள் பிறகு ‘டைப் ஏ’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குணத்தால் இதயம் எவ்வளவு கெடுகிறது என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். நாற்காலி விஷயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நம்மவர் வீட்டு சோபாவைப் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரீட்மன் தன் நோயாளிகளுக்குக் கொடுத்த பயிற்சிகளில் ஒன்று, வேண்டுமென்றே நீளமான வரிசையில் போய் நிற்பது. டாக்டர் அதையே எழுதிக் கொடுத்தார். மனைவி ரேஷன் கடையைக் காட்டினார். பாமாயில் வந்திருந்த நாள், வரிசை தெருமுனை வரை. நம்மவர் கடைசி ஆளாகப் போய்க் கைகட்டி நின்றார். சாதுவாகத்தான் நின்றார், கொஞ்ச நேரம்.

“ஏம்மா, கார்டைக் கையில எடுத்து வெச்சுக்கங்க. அங்க போய்ப் பையத் துழாவக் கூடாது.”

அவ்வளவுதான், தொடங்கிவிட்டது. பாட்டிகள் ரேகை வைக்குமுன் கட்டைவிரலைத் துடைத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. அரிசி வேண்டாதவர்கள் இடப்பக்கம் பிரிந்தார்கள். யாரோ ஒரு பையன் பாமாயில் பாக்கெட்டுகளைக் கவுண்டரில் அடுக்கினான். சாயங்காலம் வரை நிற்கவேண்டிய வரிசை காபி நேரத்துக்குள் கரைந்தது. தெருவே அவரை வாழ்த்தியது. டாக்டர் கொடுத்த மருந்துதான் முழுசாக வீணானது.

கடைசியாக அவரே கவுண்டருக்கு வந்தார்.

“சார், உங்க கார்டு?”

காலையில் செருப்பு மாட்டும்போது மனைவி, “கார்டு அலமாரி மேல...” என்று ஆரம்பித்திருந்தார். “எடுத்தாச்சு, எடுத்தாச்சு” என்று இவர் கேட்டைத் தாண்டியிருந்தார்.

“பரவால்ல சார், போய் எடுத்துட்டு வாங்க. அப்படியே அடுத்த மாசமும்...” என்று கடைக்கார அம்மாள் தொடங்க, “வந்துடறேன்!” என்றார் நம்மவர், மூன்று எண்ணாமலே.